யோகோஹாமா: டீசல் காரின் தண்டு, ஸ்போர்ட்ஸ் காரின் வேகம்

ஐம்பது வயதான ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் காரின் என்ஜினைப் பெரிதாக்க, பழைய டீசல் காரின் உறுப்பைத் தேடி அலைகிறார்கள் யோகோஹாமாவின் கார் பிரியர்கள். கணக்கு மாறவில்லை, இரும்புதான் தீர்ந்துவருகிறது.

யோகோஹாமா துறைமுகத்தில் கடலைத் தூர்த்து உண்டாக்கிய தீவு டைக்கோகு. அங்கே நெடுஞ்சாலைகள் ஒன்றன் மேல் ஒன்றாகச் சுருண்டு இறங்குகின்றன. அந்தச் சுருளுக்கு நடுவே ஒரு கார் நிறுத்துமிடம். பக்கத்தில் ரயில் நிலையம் கிடையாது. நடந்து போகவும் வழி இல்லை. சுங்கக் கட்டணம் கட்டி நெடுஞ்சாலையில் காரில் வருகிறவர்கள் மட்டுமே உள்ளே நுழையலாம். களைத்த ஓட்டுனர்கள் கழிப்பறைக்குப் போய், ஒரு கிண்ணம் நூடுல்ஸ் சாப்பிட்டுக் கிளம்புவதற்காக அரசு அமைத்த இடம் இது.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை காலைகளில் இங்கே வருகிறவர்கள் களைத்தவர்கள் அல்ல. வரிசை வரிசையாக நிற்கும் பழைய கார்களின் பானட்டுகள் திறந்திருக்கும். குனிந்து பார்ப்பவர்கள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு பார்ப்பார்கள். அடுத்தவர் காரைத் தொடுவது இங்கே மரியாதை இல்லை. நீண்ட மூக்கும் குட்டையான பின்புறமும் கொண்ட ஒரு கார் வந்து நின்றால் கூட்டம் அந்தப் பக்கம் நகரும். அதுதான் நிஸான் ஃபேர்லேடி இஸட். வெளிநாடுகளில் டாட்சன் 240 இஸட் என்று பெயர்.

வெளியிலிருந்து பார்த்தால் 1970களின் கார். என்ஜினின் வார்ப்பும் அந்தக் காலத்ததுதான். உள்ளே சுழல்வது வேறு. கிராங்க் தண்டு ஒரு டீசல் குடும்பக் காரினுடையது. அதைப் பிஸ்டனோடு இணைக்கும் கனெக்டிங் ராடுகள் ஒரு சின்ன நான்கு சிலிண்டர் காரினுடையவை. பிஸ்டன்கள் தனியாகச் செய்தவை. தொழிற்சாலையிலிருந்து 2.8 லிட்டராக வெளியே வந்த என்ஜின், இப்படி உறுப்பு மாற்றிக்கொண்டு 3.1 லிட்டராக உறுமுகிறது.

இடிபாட்டில் எழுந்த நகரம்

பழையதைக் கொண்டு புதியது செய்வது யோகோஹாமாவுக்குப் பழகிய வேலை. 1859இல் அன்னிய வணிகத்துக்குத் திறக்கப்பட்ட இந்தத் துறைமுகம், 1923 செப்டம்பர் 1ஆம் தேதி வந்த பெரும் நிலநடுக்கத்தில் தரைமட்டமானது. இடிபாடுகளைக் கடலோரத்தில் கொட்டினார்கள். அந்தக் குவியலின் மீது 1930இல் திறக்கப்பட்டதுதான் யமாஷிடா பூங்கா. இன்று காதலர்களும் குழந்தைகளும் உலவும் புல்வெளிக்கு அடியில் பழைய யோகோஹாமாவின் செங்கல் கிடக்கிறது.

பூங்காவின் ஒரு மூலையில், குவிமாடம் வைத்த ஒரு சிறு மண்டபம் இந்தியப் பயணிகளை நிறுத்தும். பட்டு வணிகத்துக்காக இங்கே குடியேறிய இந்திய வியாபாரிகள், நிலநடுக்கத்தின்போது தங்களுக்கு உதவிய நகரத்துக்கு நன்றியாக 1930களில் கட்டிக் கொடுத்த தண்ணீர்ப் பந்தல் அது.

மோட்டார் தொழிலுக்கும் அந்த நிலநடுக்கமே வழி திறந்தது. டோக்கியோவில் டிராம் பாதைகள் நாசமாக, அவசரத்துக்கு ஃபோர்டு லாரிச் சட்டங்களை வரவழைத்துப் பஸ்களாக மாற்றினார்கள். ஜப்பானில் சந்தை இருக்கிறது என்று கண்ட ஃபோர்டு, 1925இல் யோகோஹாமாவுக்கே வந்து கார்களைப் பூட்டத் தொடங்கியது. யோஷிசுகே அய்க்காவா என்ற தொழிலதிபர் அதே நகரத்தில் 1933இல் தொடங்கிய கம்பெனி, அடுத்த ஆண்டு நிஸான் என்று பெயர் மாறியது. அதற்குத் தொழிற்சாலை அமைக்க உதவியவர் வில்லியம் கோர்ஹாம் என்ற அமெரிக்க எஞ்சினியர். 1941இல் அவர் ஜப்பானியக் குடியுரிமையே பெற்றுவிட்டார்.

ஷின்-கோயாசு ரயில் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில், நிஸானின் யோகோஹாமா தொழிற்சாலை வளாகத்தில், 1934இல் கட்டிய பழைய தலைமையகக் கட்டடம் இன்னும் நிற்கிறது. அதன் ஒரு பகுதி இப்போது என்ஜின் அருங்காட்சியகம். கட்டணம் இல்லை. கார்களைக் காட்டும் அருங்காட்சியகங்கள் உலகில் நிறைய உண்டு. காரைக் கழற்றிவிட்டு என்ஜினை மட்டும் பீடத்தில் ஏற்றி வைத்திருக்கும் இடங்கள் குறைவு.

பெயர் மாற்றிய பெண்

இஸட் காரின் கதை 1969 அக்டோபரில் தொடங்குகிறது. ஃபேர்லேடி என்பது அதற்கு முன்பே நிஸானின் ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு இருந்த பெயர். கம்பெனித் தலைவர் காட்சுஜி கவாமாட்டா அமெரிக்காவில் ‘மை ஃபேர் லேடி’ இசை நாடகம் பார்த்து மயங்கி வைத்த பெயர் என்பார்கள். அமெரிக்காவில் நிஸானின் விற்பனையைக் கவனித்த யுடாகா கட்டாயாமாவுக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. துறைமுகத்தில் வந்து இறங்கிய கார்களிலிருந்து பெயர்த் தகட்டைக் கழற்றிவிட்டு ‘240 இஸட்’ என்று ஒட்டவைத்தவர் அவர். 2015இல் 105ஆம் வயதில் இறக்கும் வரை கார் பிரியர்களுக்கு அவர் ‘மிஸ்டர் கே’.

அந்தப் பெயரோடு கார் உலகம் சுற்றியது. முதல் தலைமுறை இஸட் மட்டும் 1978 வரை ஐந்து லட்சத்துக்கு மேல் விற்றது. கிழக்கு ஆப்பிரிக்காவின் சேற்றிலும் புழுதியிலும் நடந்த சஃபாரி ராலியில் 1971இல் வென்றது. 1973இல் மறுபடி வென்றபோது ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தவர் உகாண்டாவில் பிறந்த இந்திய வம்சாவளிக்காரர் சேகர் மேத்தா. அந்த ஆண்டு முதல் இடத்துக்கு இருவர் சமமாக வந்து, சமநிலையை உடைக்கும் விதியால் அவருக்கு வெற்றி கிடைத்தது. பிறகு மேலும் நான்கு முறை அதே ராலியை வென்றார் மேத்தா.

வெளிநாட்டுக்குப் போன காரில் 2393 சி.சி. என்ஜின். உள்நாட்டில் விற்ற சாதாரண மாடலில் 1998 சி.சி.தான். காரணம் வரி. ஜப்பானில் 2000 சி.சி.யைத் தாண்டிய கார் ஆடம்பரக் கார். 1980களில் அந்தக் கோட்டுக்குள் இருந்தால் ஆண்டு வரி 39,500 யென். தாண்டினால் 81,500 யென். 1989இல் வரிச் சீர்திருத்தம் வரும் வரை இந்த இரட்டிப்புத் தொடர்ந்தது. ஆக, தான் செய்த நல்ல என்ஜினை ஊரார் ஓட்ட, சிறியதை வைத்துக்கொண்டு பெருமூச்சு விட்டவர்கள் ஜப்பானிய இளைஞர்கள். என்ஜினைப் பெரிதாக்கும் ஆசைக்கு இங்கே அழுத்தமான காரணம் இருந்தது.

மில்லிமீட்டர் கணக்கு

ஒரு என்ஜினின் கொள்ளளவைப் பெரிதாக்க இரண்டே வழிகள். சிலிண்டரின் விட்டத்தைக் கூட்டலாம். நம் ஊர்ப் பட்டறைகளிலும் ரீபோர் என்று நடக்கும் வேலை. அல்லது பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரத்தைக் கூட்டலாம். இதற்கு ஸ்ட்ரோக் என்று பெயர். விட்டத்தைக் கூட்ட லேத் பட்டறை போதும். ஸ்ட்ரோக்கைக் கூட்ட வேண்டுமானால் கிராங்க் தண்டையே மாற்ற வேண்டும். புதிதாக ஒரு கிராங்க் செய்வது அன்றைக்குப் பந்தயக் கம்பெனிகளால் மட்டுமே முடிந்த காரியம்.

நிஸானின் ‘எல்’ வகை என்ஜின்கள் ஒரு கூட்டுக் குடும்பம். நான்கு சிலிண்டர், ஆறு சிலிண்டர், சிறியது, பெரியது என்று பல இருந்தாலும் அடிப்படை வரைபடம் ஒன்று. ஆறு சிலிண்டர் எல்.20இன் விட்டம் 78 மி.மீ., ஸ்ட்ரோக் 69.7. எல்.24க்கு 83, 73.7. எல்.28க்கு 86, 79. இந்த எல்.28ஐ 89 மி.மீ.க்கு ரீபோர் செய்தால் 2949 சி.சி. கிடைக்கும். அதற்கு மேல் குடைந்தால் சிலிண்டர் சுவர் தாங்காது. ஆசை அங்கே முட்டி நின்றது.

1979இல் ஒரு டீசல் கார் வந்தது. நிஸான் செட்ரிக், குளோரியா என்ற கனமான நான்கு கதவுக் கார்களில், எரிபொருள் மிச்சம் பிடிக்க ஆறு சிலிண்டர் டீசல் என்ஜின் ஒன்றைப் பொருத்தினார்கள். எல்.டி.28 என்று பெயர். ஜப்பானியப் பயணிகள் காரில் வந்த முதல் ஆறு சிலிண்டர் டீசல் அதுதான். சத்தம் அதிகம், வேகம் குறைவு. ஸ்போர்ட்ஸ் கார் பிரியர் எவரும் திரும்பிப் பார்க்க நியாயம் இல்லாத வண்டி.

ஆனால் அதுவும் அதே கூட்டுக் குடும்பத்துப் பிள்ளை. அதன் கிராங்க்கின் ஸ்ட்ரோக் 83 மி.மீ. டீசலின் அழுத்தத்தைத் தாங்க வேண்டும் என்பதால் பலமாகவும் செய்திருந்தார்கள். அதை எல்.28 பிளாக்கில் வைத்து, 89 மி.மீ.க்கு ரீபோர் செய்தால் கணக்கு 3098 சி.சி. என்று வருகிறது. ‘எல் வகை 3.1’ என்று ஜப்பான் முழுவதும் பேசப்படும் என்ஜின் பிறந்தது இப்படித்தான்.

நான்கு மில்லிமீட்டர் கூடுதல் ஸ்ட்ரோக் சும்மா வருவதில்லை. கிராங்க்கின் மையத்திலிருந்து பிளாக்கின் மேல்தளம் வரை உள்ள உயரம் ஏறக்குறைய 207.9 மி.மீ. ஸ்ட்ரோக்கில் பாதி, ராடின் நீளம், பின்னிலிருந்து பிஸ்டன் தலை வரை உள்ள உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்த எண்ணுக்குள் அடங்க வேண்டும். எல்.28இல் 39.5, 130.3, 38.1 என்று அது கச்சிதமாகப் பொருந்துகிறது. டீசல் கிராங்க்கை வைத்தால் பிஸ்டன் இரண்டு மில்லிமீட்டர் மேலே வந்து ஹெட்டில் இடிக்கும்.

இந்த இரண்டு மில்லிமீட்டரில்தான் பட்டறைக்குப் பட்டறை சமையல் மாறுகிறது. ஜப்பானில் பலரும் எடுப்பது வயலட் போன்ற சிறிய கார்களில் வந்த எல்.14 என்ஜினின் ராடுகளை. அவற்றின் நீளம் 136.6 மி.மீ. அப்படியானால் பிஸ்டனின் உயரம் 30 மி.மீ.க்குள் அடங்க வேண்டும். அதற்கென்றே உருக்கி அடித்த குட்டைப் பிஸ்டன்கள் விற்பனைக்கு வந்தன. நீள ராடு சாய்வு குறைவாக நின்று தள்ளும்; பிஸ்டன் சுவரில் உராய்வது குறையும்; பிஸ்டனின் எடையும் குறையும்.

டாட்சன்கள் அதிகம் போய்ச் சேர்ந்த அமெரிக்காவில் கொஞ்சம் சிக்கனமான சமையல். எல்.24இன் 133 மி.மீ. ராடு, பின்னாளில் வந்த 240 எஸ்.எக்ஸ். காரின் 89 மி.மீ. பிஸ்டன். இதில் பிஸ்டன் தலை பிளாக்கைவிட அரை மில்லிமீட்டருக்குச் சற்று அதிகமாகவே எட்டிப் பார்க்கும். கனமான காஸ்கெட் போட்டு அதைச் சமாளிக்கிறார்கள். டீசல் கிராங்க் மட்டும் இரு நாட்டுக்கும் பொது.

அறுப்பதற்கு முன் அளக்க வேண்டும்

காகிதத்தில் கணக்கு எளிது. பிளாக்கில் வைக்கும்போதுதான் சோதனை. பழைய பிளாக் எல்லாம் 89 மி.மீ.யைத் தாங்காது. வார்க்கும்போது மணல் அச்சு இம்மி நகர்ந்திருந்தாலும் சுவர் ஒரு பக்கம் தடித்து ஒரு பக்கம் மெலிந்திருக்கும். ஐம்பது ஆண்டு குளிர்நீர் ஓடி உட்புறம் துருவும் பிடித்திருக்கும். ஆகவே அனுபவசாலிகள் முதலில் குடைவதில்லை. ஒலி அலைக் கருவியால் ஒவ்வொரு சிலிண்டரையும் சுற்றிச் சுற்றி அளக்கிறார்கள். பக்கத்துச் சிலிண்டர்களின் சுவர்கள் ஒட்டியே வார்க்கப்பட்ட பிற்கால பிளாக்குகளுக்கு மவுசு அதிகம். தப்பான பிளாக்கைக் குடைந்தால் சுவர் விரிசல் விட்டு, தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கும். இனி வார்க்கப்படாத ஒரு பொருள் உலகில் ஒன்று குறைந்துபோகும்.

கிராங்க்குக்கும் பரீட்சை உண்டு. காந்தப் பொடி தூவி, கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். பிஸ்டனும் ராடும் ஆறு சிலிண்டருக்கும் ஒரே எடையில் இருக்கும்படி தராசில் வைத்துச் சுரண்டுவார்கள். நீளமான ஆறு சிலிண்டர் கிராங்க் வேகத்தில் முறுக்கிக்கொண்டு அதிரும் குணம் உடையது. ஸ்ட்ரோக் கூடக் கூட பிஸ்டனும் வேகமாக ஓடுகிறது. நிமிடத்துக்கு 7500 சுற்றில் எல்.24இன் பிஸ்டன் சராசரியாக வினாடிக்கு 18.4 மீட்டர் ஓடினால், 3.1இன் பிஸ்டன் 20.75 மீட்டர் ஓட வேண்டும். ஒரு ராடு தளர்ந்தால் பிளாக்கின் வயிற்றைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும்.

மூன்று இரட்டை கார்புரேட்டர்கள், மாற்றிய கேம் தண்டு, கையால் தேய்த்து வழுவழுப்பாக்கிய ஹெட் ஆகியவற்றோடு நன்றாகக் கட்டிய 3.1 என்ஜின் 300 குதிரைத் திறனைத் தொடும். தொழிற்சாலை எல்.24க்கு விளம்பரத்தில் சொன்னது ஏறக்குறைய 150. ஆனால் இதை ஓட்டுபவர்கள் முதலில் சொல்வது குதிரைகளின் எண்ணிக்கையை அல்ல. கியர் மாற்றாமலே மேட்டில் ஏறும் இழுவையை. டீசல் காரிடம் வாங்கிய தண்டு, அதன் சுபாவத்தையும் கொஞ்சம் கொடுத்துவிடுகிறது.

கடலோரச் சாலையின் கதை

இந்த என்ஜினின் புகழைப் பரப்பியது கடலோர விரைவுச் சாலை. டோக்கியோ விரிகுடாவை ஒட்டிப் போகும் அதை ‘வாங்கன்’ என்கிறார்கள். 1989இல் திறந்த யோகோஹாமா பே பாலமும், 1994இல் திறந்த சுருமி சுபாசா பாலமும் அதன் இரண்டு தோள்கள். டைக்கோகு இரண்டுக்கும் நடுவில். இரவில் சட்டத்தை மீறி இங்கே வேகம் பார்த்தவர்கள் ஒரு தலைமுறை. 1990இல் மிச்சிஹாரு குசுனோக்கி வரையத் தொடங்கிய ‘வாங்கன் மிட்நைட்’ படக்கதையின் நாயகன் மனிதன் அல்ல, 3.1 லிட்டராக்கிய எல்.28 பொருத்திய நீலநிற இஸட். அதைப் படித்து வளர்ந்தவர்கள் இன்று ஐம்பதைத் தொடுகிறார்கள்.

இப்போது டைக்கோகுவில் இரவானால் போலீஸ் கார் வந்து ஒலிபெருக்கியில் அறிவிக்கும். கூட்டம் மிகுந்தால் நிறுத்துமிடத்தையே மூடிவிடுகிறார்கள். சத்தமில்லாமல் எல்லோரும் வரிசையில் வெளியேறுகிறார்கள். வெளிநாட்டுப் பயணிகள் பணம் கொடுத்து உள்ளூர்க்காரர் காரில் ஏறி வந்து பார்க்கும் அளவுக்கு இடம் பிரபலமாகிவிட்டதும் இந்தக் கெடுபிடிக்கு ஒரு காரணம்.

சட்டத்துக்கு உட்பட்டு 3.1 வைத்திருப்பதும் மலிவல்ல. என்ஜினின் கொள்ளளவு மாறினால் பதிவு ஆவணத்திலும் மாற்ற வேண்டும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கடுமையான தகுதிச் சோதனை. மூன்று லிட்டரை 98 சி.சி. தாண்டியதற்காகக் கார் அடுத்த வரிப் படிக்கு ஏறும்: ஆண்டுக்கு 58,000 யென். 13 ஆண்டு தாண்டிய பெட்ரோல் கார் என்பதால் அதன்மேல் 15 சதவீதம் கூட்டி 66,700 யென். பழைய காரை வைத்திருப்பவரைத் தண்டித்து, புதியது வாங்க வைப்பது அரசின் கொள்கை. இருப்பதைப் பழுது பார்த்து வாழும் பட்டறைக்காரர்கள் இதை ஏற்பதில்லை. வாரத்துக்கு ஒருநாள் வெளியே வரும் கார் எவ்வளவு புகை விடும், புதிய கார் ஒன்றை வார்த்து எடுக்க எவ்வளவு புகை போகும் என்பது அவர்கள் கேட்கும் கேள்வி.

தீரும் இரும்பு

வரியைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு. எல்.டி.28 டீசல் கார்களை யாரும் ஆசைப்பட்டுப் பாதுகாத்து வைக்கவில்லை. உழைத்துத் தேய்ந்ததும் காயலான் கடைக்குப் போயின. இஸட் காரைத் திரையிட்டு மூடி வைத்த அதே நாட்டில், அதற்கு உயிர் கொடுக்கக்கூடிய காரை நசுக்கி உருக்கிவிட்டார்கள். ஒரு காலத்தில் பழைய இரும்பு விலைக்குக் கிடைத்த கிராங்க், இன்று கிடைத்தால் பெட்டியில் வைத்துப் பாதுகாக்கும் பொருள்.

தட்டுப்பாடு புதுத் தொழிலையும் பிறப்பித்திருக்கிறது. கணினி இயக்கும் எந்திரங்களில் எஃகுக் கட்டியிலிருந்தே கடைந்த நீள ஸ்ட்ரோக் கிராங்க்குகள் வருகின்றன. ஒக்காயாமாவில் உள்ள ஓ.எஸ். கிக்கென் நிறுவனம், எல் பிளாக்கின் மேல் பொருத்தும் இரட்டைக் கேம் ஹெட்டைப் பல ஆண்டுகளுக்குப் பின் மறுபடி செய்து விற்றது. இவை உறுதியானவை, விலையும் அப்படியே. பணம் உள்ளவர் இனி குப்பையைக் கிளற வேண்டாம். ஆனால் சம்பளக்காரர் ஒருவர் காயலான் கடையில் தேடி எடுத்து, விடுமுறை நாட்களில் கட்டிய என்ஜின் என்பது இதோடு முடிகிறது.

நகரத்தின் நிலையும் மாறுகிறது. 1968இல் டோக்கியோ போன நிஸான் தலைமையகம் 2009இல் யோகோஹாமாவுக்குத் திரும்பியபோது ஊர் கொண்டாடியது. நெருக்கடியில் சிக்கிய கம்பெனி, அந்தக் கண்ணாடிக் கட்டடத்தை விற்றுவிட்டு அதிலேயே வாடகைக்கு இருக்க 2025 நவம்பரில் முடிவு செய்தது. பக்கத்து யோகோசுகாவில் 1961 முதல் ஓடும் ஒப்பாமா தொழிற்சாலையில் கார் உற்பத்தி 2027 நிதியாண்டோடு நிற்கும் என்று அதே ஆண்டு ஜூலையில் அறிவித்தது. யோகோஹாமா தொழிற்சாலையில் ‘தக்குமி’ எனப்படும் விரல்விட்டு எண்ணக்கூடிய கைவினைஞர்கள், ஆளுக்கொரு என்ஜினாகக் கையால் பூட்டித் தங்கள் பெயர்த் தகட்டைப் பதித்த ஜி.டி.ஆர். ஆர்35 மாடலும் 2025 ஆகஸ்டில் உற்பத்தி முடிந்தது.

மின்சாரக் காரில் இந்த வித்தைக்கு இடம் இல்லை. மோட்டாருக்கு நீட்ட ஸ்ட்ரோக் கிடையாது. அண்ணன் காரின் எலும்பைத் தம்பி காரில் வைக்கும் வாய்ப்பும் இல்லை. ஒரு கம்பெனி தன் மலிவான காருக்கும் பெருமைக்குரிய காருக்கும் ஒரே அளவுகோலை வைத்த காலத்தில், அந்த ஒற்றுமையைக் கண்டுபிடித்துப் பயன்படுத்திக்கொண்டவர்கள் பட்டறைக்காரர்கள். அவர்கள் எழுதி வைத்த புத்தகம் அதிகம் இல்லை. எந்த பிளாக் தாங்கும், எந்தச் சுவர் மெலியும், எந்தக் காஸ்கெட் எத்தனை நசுங்கும் என்பதெல்லாம் கைகளில் இருக்கிறது. வயதான கைகள் அவை. டீசல் கிராங்க் தீர்ந்தால் எஃகில் இன்னொன்று கடைந்துவிடலாம்; அதை வைக்கத் தெரிந்தவரை எந்த எந்திரமும் கடைந்து தராது.